வெள்ளைக்கு ஒரு பொட்டு

சொக்கட்டான்விளையில் அறிவுக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. அதைச் செலவழிப்பதில்தான் கடுஞ்சிக்கனம்.

அவ்வூரில் கிளிஞ்சலைச் சுட்டு வெள்ளைப் பொடி செய்யும் சூளை ஒன்று இருந்தது. அதன் உரிமையாளர் தாணுலிங்கம், தம் வேலையாட்களான மாசானம், எசக்கி, சொரிமுத்து ஆகிய மூவரையும் அழைத்தார்.

"பெயின்ட் கம்பெனி பால்துரை சரக்கெடுக்க வாரார். விலை குறையலைன்னா வேற சூளைக்குப் போயிருவாராம். அப்புறம் நம்ம பொழப்பு அவ்வளவுதான். எதையும் வீணாக்காதீங்க. வெள்ளையைப் பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கோங்க."

மூவரும் பயபக்தியோடு தலையசைத்தனர்.

முதலில், சூளையின் உச்சியிலிருந்து வெண்புகை கிளம்புவதை எசக்கி கண்டான்.

"ஏலே, வெள்ளை அம்புட்டும் மேல போகுதுலே!"

ஈரச்சாக்கால் புகைவாயை அடைத்தார்கள். நெருப்பு அணைந்தது.

"விறகும் மிச்சம்" என்றான் சொரிமுத்து.

தாணுலிங்கம் தலையிலடித்துக்கொண்டு மறுபடி பற்றவைத்தார்.

அடுத்து, சலிக்கும்போது பொடி உடம்பில் ஒட்டியது. குளித்தால் வீணாகுமே! ஆகவே மாலைதோறும் ஒருவரையொருவர் விளக்குமாற்றால் அடித்து உதிர்த்துக்கொண்டனர். மாசானத்துக்கு உடம்பு பெரிது, அடியும் அதிகம். அவர் முதலாளிக்காகப் பொறுத்துக்கொண்டார்.

எப்படியோ பொடி பால்போல் விளைந்தது. மூவரும் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தனர்.

"இம்புட்டு அழகை வெறுமே விடலாமா? கண்ணு பட்டுராதா?" என்றார் மாசானம்.

"குவியலுக்கு ஒரு கரிப்பொட்டு வச்சிருவோம், அண்ணாச்சி" என்றான் சொரிமுத்து.

"உனக்கு நாலு பிள்ளை இருந்தா, ஒருத்தனுக்கு மட்டும் பொட்டு வச்சிட்டு மத்தவனை அப்படியே விட்டுருவியாலே? ஒவ்வொரு துகளுக்கும் வைக்கணும்."

எசக்கிக்குக் கண் கலங்கியது. "சூளையடியில கரி சும்மாதானே கிடக்கு. அதுவும் வீணாகாது!"

இருந்த கரியில் பெரும்பகுதியை இடித்துச் சலித்து, ஒரு துகளும் விடுபடாதபடி கலந்தார்கள்.

பால்துரை வந்தார், மூட்டையைப் பிரித்தார்.

"யோவ், இதுவாய்யா வெள்ளை?"

"உள்ளுக்குள்ள வெள்ளைதான், ஐயா. வெளியில தெரியுதது பொட்டு" என்றான் சொரிமுத்து.

லாரி வெறுமையாகவே திரும்பியது.

தாணுலிங்கம் தலைப்பாகையை அவிழ்த்து எறிந்துவிட்டு, நரைத்த தலையைக் கைகளில் தாங்கியபடி உட்கார்ந்துவிட்டார். மூவரும் சற்றுத் தள்ளி நின்று ஆலோசித்தனர்.

"பொட்டு வச்சும் கண்ணு பட்டுட்டே, அண்ணாச்சி!" என்றான் எசக்கி.

"போனது போகட்டும்லே. சூளையில மிஞ்சின வெள்ளை அங்க ஒண்ணுதான் இருக்கு. அதையாவது காப்பாத்துவோம்."

மாசானம் முதலாளியின் கைகளை மரியாதையோடு பிடித்துக்கொண்டார். மற்ற இருவரும் எஞ்சிய கரியைக் கூடையோடு தூக்கி வந்தார்கள்.