கருப்பண்ணப் பெரியவரின் விரதம்

மலையடிவாரத்தில் ஒரு சிறிய முருகன் மடம். அதை நடத்தி வந்த அம்மையாருக்கு நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. அவரிடம் தீட்சை வாங்கிய தாண்டவமூர்த்திக்கு அறுபத்திரண்டு. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அல்லவா, கேள்வி கேட்பதைவிட அறிக்கை வாசிப்பதில்தான் அவருக்கு ருசி அதிகம்.

ஒருநாள் காலை பூரித்துப்போய் வந்தார்.

“அம்மா, நம்ம கருப்பண்ணப் பெரியவர் மூணு நாளா அன்னம் தொடலீங்க. தண்ணிகூட ரெண்டு மடக்குதான். பக்குவம் வந்துருச்சு. உடம்பை முருகன்கிட்டயே ஒப்படைக்கறார்.”

“அவரே சொன்னாருங்களா?”

“சொல்லணுமுங்களா? கண்ணை மூடியே கிடக்கறார். வர்றவங்க விழுந்து கும்பிட்டுட்டுப் போறாங்க.”

கருப்பண்ணப் பெரியவர் முப்பது வருடம் சுனையிலிருந்து மடத்துக்குத் தண்ணீர் சுமந்தவர். பக்கவாதத்தில் விழுந்து நாலு மாதமாகிறது. கூடத்து மூலையில்தான் கட்டில். அவரைத் துடைத்துத் துணி மாற்றுவது தாண்டவமூர்த்தி. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். நாலு பேர் பார்த்தால் அவர்களுக்கும் சேவை செய்யத் தோன்றும் என்று, பக்தர்கள் கூடும் வேளையாகப் பார்த்துச் செய்வார்.

அம்மையார் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார்.

“விரதமுங்களா பெரியவரே?”

பெரியவரின் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. சொற்கள் மெல்ல வந்தன.

“விரதமெல்லாம் இல்லீங்க தாயி. பசி உசுரு போகுது. தின்னா வெளிய போகணுமல்லங்க? அத்தனை பேர் முன்னால துணியை அவுக்கறாங்க. போன வாரம் எம் பேத்தி வயசுப் புள்ள ஒண்ணு நின்னு பாத்துது. வயித்துல ஒண்ணுமில்லீன்னா அவுக்க வேண்டியதில்லீங்களே.”

தாண்டவமூர்த்தியின் முகம் செத்துப்போயிற்று.

“நான் ஒருநாளும் அருவருப்புப் பட்டதில்லீங்களே அம்மா!”

அம்மையாருக்குக் கோபம் வந்தது. அவர்மேல் மட்டுமல்ல, தன்மேலும்தான். நாலு மாதமாக அந்தக் கூடத்தைக் கடந்துதானே அவரும் போய்வந்தார்.

எழுந்து நேராகச் சந்நிதிக்குப் போனார். பூசை வேளையில் தாண்டவமூர்த்தி முருகனுக்கு உடை மாற்றும்போது இழுத்துவிடும் சிவப்புப் பட்டுத் திரையைக் கழற்றினார். ஆணியும் சுத்தியலும் கேட்டு வாங்கினார். நாற்காலிமேல் ஏறி, சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, கட்டில் வெளியே தெரியாதபடி திரையைத் தொங்கவிட்டார். பிடிக்க வந்தவர்களை விலகி நிற்கச் சொன்னார். தாண்டவமூர்த்தி பதறினார்.

“அம்மா, அது சாமியோடதுங்க! ஒரு எட்டு முழ வேட்டியைக் கட்டினாப் பத்தாதுங்களா?”

“நாலு மாசமா அது உங்க ஞாபகத்துக்கு வரலீங்களே.”

கூடத்தில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தபடி ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

திரைக்குள்ளிருந்து பெரியவரின் குரல் வந்தது.

“தாயி, கொஞ்சம் கஞ்சி கிடைக்குமுங்களா?”

அம்மையார் நாற்காலியிலிருந்து இறங்கினார். தாண்டவமூர்த்திக்கு இன்னும் மனது ஆறவில்லை.

“இன்னும் செத்த நேரத்துல உச்சிக்காலப் பூசைங்க. திரை இல்லாம, ஊரே பாக்க, சாமி வேட்டியை நான் எப்படிங்கம்மா அவுப்பேன்? எனக்குக் கை கூசுதுங்க.”

“கூசுதுங்களா? நல்லது. அந்தக் கையால கஞ்சியை எடுத்துக்கிட்டு உள்ள வாங்க.”