நிற்காத சுழலிக்குப் பொட்டு வைத்தவள்

செவ்வாய்க்குப் போகும் விண்கப்பல் அது. ஆயுத பூஜைக்கு முதல் நாள், தலைமைப் பொறியாளர் பரமகுரு தான் எழுதிய பராமரிப்பு விதியைத் துப்புரவு வேலை பார்க்கும் செங்கமலத்திடம் உரக்கப் படித்தார்.

"குளிரூட்டும் சுழலி ஓடும்போது தொடக்கூடாது. நிறுத்தவும் கூடாது. நாளைக்குள் துடைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உன் வேலை போச்சு!"

மறுநாள் பொரி, சுண்டலோடு கப்பலே கூடியது.

"துடைச்சாச்சுங்க ஐயா" என்றாள் செங்கமலம்.

"எப்போது?"

"அது ஓடாமலும் நிக்காமலும் இருந்தப்போ."

"அப்படி ஒரு நேரமே கிடையாதே!" என்று கத்தினார் பரமகுரு.

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே ஐயா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. செங்கமலம் நிமிர்ந்து நடந்துபோய், இப்போது நிஜமாகவே சுழலியைப் பளிச்சென்று துடைத்து, பெரிதாகக் குங்குமப் பொட்டு வைத்தாள்.

அதற்காகச் சுழலியை நிறுத்தியது யார் தெரியுமா? விதி எழுதிய அதே கைதான்.