குரல் செத்த கடுவன்

மலை பெரிதா, மலையில் இருப்பது பெரிதா என்று ஓடையூரில் போய்க் கேட்டால், கேட்டவனை மேலும் கீழும் பார்ப்பார்கள். "மழை விட்டதும் வந்து நில்லு. அதுவே சொல்லும்" என்பார்கள்.

முகில்தாங்கி மலையில் இருந்தது பெருங்கடுவன். குரங்குச் சாதிதான். ஆனால் தேக்கு மரம் அதன் தோளுக்கு எட்டாது. அந்தச் சாதிக்கு வளர்த்தி நிற்பதே கிடையாது. சாகிற நாள் வரைக்கும் எலும்பு தடித்துக்கொண்டே போகும். மூங்கில்தான் தீனி. அதன் எச்சம் விழுந்த இடத்தில் புல் ஆள் உயரத்துக்கு மண்டும்.

நம்ம ஊர்க் குரங்கு கடலையைக் கன்னத்தில் அடக்கி வைக்குமே, அந்தப் பை இதற்கும் உண்டு. கொல்லன் துருத்தி மாதிரிப் பை. கடுவன் அதில் காற்றை நிரப்பிக்கொண்டு, நெஞ்சில் அறைந்து ஒரு குரல் விடும். பானையில் இருக்கிற தண்ணீர் அலை அடிக்கும். அந்தச் சாதியில் ஆணைக் கடுவன், பெண்ணை மந்தி என்பார்கள். மந்திக்குக் குரல் கிடையாது. அது ஈன்ற குட்டியைத் தன் கன்னப் பைக்குள் வைத்துத்தான் வளர்க்கும், பல் முளைக்கிற வரைக்கும். மந்தி மலை உச்சியான கொடுமுடியை விட்டு இறங்காது. ஊர்க்காரர் யாரும் கண்டதில்லை. மலை அறிந்த ஆசான்கள் சொல்லிக் கேள்விதான்.

மழைக்காலம் முடிந்ததும் கடுவன் ஊரைப் பார்த்துக் குரல் விடும். ஓடையூர் பறையடித்துப் பதில் சொல்லும். சுற்றுப்பட்டு ஊர்களில் ஓடையூரானுக்குத் தனி மதிப்பு இருந்தது என்றால் அது இந்தக் குரலால்தான்.

அந்த வருசம் குரல் வரவில்லை.

பக்கத்து ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? "உங்க கடுவனுக்குச் சுக்குக் கசாயம் குடுங்கப்பா" என்றார்கள். ஓடையூரானுக்குத் தலை நிமிர முடியவில்லை.

அதற்கு ஊரில் ஒரு முறை இருந்தது. குரல் செத்த கடுவனை நரி இழுக்க விடக்கூடாது. சுனையில் குனிந்து தண்ணீர் குடிக்கும்போது, ஊரிலேயே வல்லவன் ஒருவன் தொண்டைக்குழியில் ஈட்டி எறிய வேண்டும். எறிந்தவன் பெயரில் நடுகல் நிற்கும். ஆனால் குரல் செத்தது என்று ஆசான் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஈட்டி மலையேறாது.

வல்லவன் யார் என்பதில் பேச்சே இல்லை. வீரணன்தான். காளையைக் கொம்பைப் பிடித்து உட்கார வைத்தவன்.

ஆசான், அவனுடைய அக்காள் மகள் அரும்பாயி. வயதில் அவனுக்கு இளையவள். மலையின் தடம் அறிந்தவர்கள் வேறு யாரும் இல்லாததால் அவளிடம்தான் வீரணன் பாடம் கேட்டான். அவன் அவளை ஆசானே என்பான். அவள் அவனை மாமா என்பாள். கேட்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

ஈட்டிக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முதல் நாள் காலையில் வீரணன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"குரல் செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ஆசானே. ஊரே காத்துக்கிடக்கு."

அரும்பாயி கம்பளியில் ஒட்டிய ஒட்டுப்புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க பார்த்தீங்களா மாமா?"

"பார்த்தேன், நேருக்கு நேர். ஈட்டியை ஓங்கினேன். என்ன பண்ணுச்சு தெரியுமா? பின்னால போச்சு!"

"குரல்?"

"மூச்சே விடலை. இடது கன்னம் வேற வீங்கித் தொங்குது. பல்லு அழுகிருச்சு. கிழடு தட்டிருச்சு."

"முதுகைக் காட்டிட்டா போச்சு?"

வீரணன் கொஞ்சம் யோசித்தான். "இல்லை. என்னைப் பார்த்துக்கிட்டே போச்சு."

அவள் அடுத்த புல்லைப் பிய்த்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க ஆசானே. அது என்னைப் பார்த்துப் பயந்துச்சா, இல்லையா?"

"அது செத்துட்டிருக்கான்னு கேக்க வந்தீங்களா, உங்களைப் பார்த்துப் பயந்துச்சான்னு கேக்க வந்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்று மீசையைத் தடவினான் வீரணன்.

அரும்பாயி எழுந்து உள்ளே போனாள். ஒரு காடை முட்டையோடு வந்தாள்.

"இதைக் கன்னத்துல அடக்கிக்குங்க. சந்தைக்குப் போய்க் கொஞ்சம் உப்பு வாங்கிட்டு வாங்க. முட்டை உடையக் கூடாது. வெளியில எடுக்கவும் கூடாது."

"நான் என்ன கேட்டேன், நீங்க என்ன..."

"உப்பு தீந்துபோச்சு மாமா."

ஆசான் சொன்னால் சொன்னதுதான். வீரணன் முட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நடந்தான்.

சந்தையில் அவனைப் பார்த்ததும் வழக்கம்போல வழி விட்டார்கள். உப்புக் குவியலைக் கையால் காட்டினான். உப்பு விற்கிறவள், "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள். அங்கேயிருந்து ஆரம்பித்தது.

சடையாண்டி எங்கிருந்தோ வந்து சேர்ந்தான். வீரணன் பெண்டாட்டிக்கு அண்ணன். ஈட்டி தன் கைக்கு வரும் என்று நினைத்து ஏமாந்தவன்.

"என்ன மாப்ளே, கன்னம் உப்பியிருக்கு? என் தங்கச்சி கைவரிசையா?"

சந்தை சிரித்தது. வீரணன் உப்பை வாங்கித் துண்டில் முடிந்தான்.

"கேட்டா பதில் சொல்ல மாட்டியா? ஏப்பா, கடுவனுக்குக் குரல் செத்துச்சுன்னீங்களே, அந்தச் சீக்கு இவனுக்கும் ஒட்டிக்கிச்சு போல!"

சிரிப்பு கூடியது. வீரணன் நடந்தான். சடையாண்டி முன்னால் வந்து மறித்தான்.

"உங்கப்பனும் இப்படித்தான். கரடியைப் பார்த்தன்னிக்கு ஊமையாகி வந்தவன், கடைசி வரைக்கும் வாய் திறக்கலை. வம்சம் அப்படி."

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அப்பனைச் சொன்னால் வீரணன் என்ன செய்வான் என்று எல்லாருக்கும் தெரியும்.

அவன் கை ஓங்கிவிட்டது. ஒரு அறை. சடையாண்டி அந்த உப்புக் குவியலில் போய் விழுவான். ஆனால் அறைய வேண்டுமானால் பல்லைக் கடித்தாக வேண்டும். பல்லைக் கடிக்காமல் மனுசன் மனுசனை அடித்ததாக எங்கேயாவது உண்டா? கன்னத்துக்குள் அந்தச் சின்ன முட்டை வழுவழுவென்று, சூடேறிக் கிடந்தது.

வீரணன் ஓங்கிய கையை இறக்கினான். இறக்கின கை தன்னாலே கன்னத்தைப் போய்ப் பொத்தியது. சடையாண்டியைப் பார்த்தபடியே ஒரு அடி பின்னால் வைத்தான். இன்னொரு அடி. கூட்டத்தைத் தாண்டுகிற வரைக்கும் திரும்பவில்லை.

"பின்னால போறான் பாருடோய்!" என்று ஒரு குரல் கேட்டது.

அரும்பாயி முன்னால் வந்து உள்ளங்கையில் முட்டையைத் துப்பினான். கீறல் இல்லை. அவன் முகம்தான் கன்றிப் போயிருந்தது.

"எங்கப்பனைச் சொல்லிட்டான் ஆசானே! நான் நின்னு கேட்டுட்டு வந்தேன்!"

"அடிக்கலையா?"

"எப்படி அடிக்கிறது? உடைஞ்சிருமே!"

"ஒரு காடை முட்டைக்காகவா விட்டுட்டு வந்தீங்க?"

"நீங்க குடுத்தது, அதனால."

அவள் முட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாளைக்கு விடிஞ்சதும் மலைக்குப் போவோம். ஈட்டியும் இருக்கட்டும்."

மறுநாள் ஊர் முழுக்கப் பறையோடு ஓடைக்கரையில் கூடி நின்றது. அவர்கள் இருவரும் மட்டும் ஏறினார்கள். சுனைக்கு மேலே ஒரு பாறை இடுக்கில் படுத்துக்கொண்டார்கள்.

வெயில் சுள்ளென்று ஏறின பிறகு மூங்கில் காடு அசைந்தது. காற்று இல்லை. பிறகுதான் காட்டுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

எத்தனை தடவை பார்த்தால்தான் என்ன? வீரணனுக்கு மயிர்க்கால் குத்திட்டது. நெஞ்சு ரோமம் நரைத்து, அருவி விழுகிற மாதிரிக் கிடந்தது. கை ஊன்றிய இடத்தில் பாறை உதிர்ந்தது. எங்க மலையில் இது நடக்கிறது என்று ஒரு கர்வம் அவனுக்குள் எழுந்தது. கொல்ல வந்தவனுக்கு வருகிற கர்வமா அது? வந்தது.

கடுவன் சுனையில் குனிந்தது. வாயை வைத்து உறிஞ்சவில்லை. தலையை ஒருச்சாய்த்து, வலது கையால் மொண்டு, கொஞ்சங் கொஞ்சமாகக் குடித்தது. தொண்டைக்குழி நன்றாகத் தெரிந்தது. வீரணன் எழுந்தான். ஈட்டி ஓங்கியது.

கடுவன் பார்த்துவிட்டது.

அது நிமிர்ந்தது. வெயில் மறைந்துபோனது. நெஞ்சு விரிந்தது. நெஞ்சில் அறைய முஷ்டி உயர்ந்தது. வீரணன் அந்தக் குரலுக்காகக் காலை ஊன்றிக்கொண்டான்.

குரல் வரவில்லை. இடது கன்னம் அசைந்தது. தானாக, உள்ளேயிருந்து அசைந்தது.

கடுவன் முஷ்டியை விரித்துக் கன்னத்தைப் பொத்திக்கொண்டது. அவனைப் பார்த்தபடியே ஒரு அடி பின்னால் வைத்தது. இன்னொரு அடி.

ஓங்கிய ஈட்டி வீரணன் கையிலேயே நின்றது.

கடுவன் ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. மறைந்துவிட்டோம் என்று நினைத்தது போல. அத்தனை பெரிய உடம்பு எந்தப் பாறைக்குப் பின்னால் மறையும்? வாயைத் திறந்தது. உதட்டோரத்தில் ஒரு சின்னக் கை வெளியே வந்து மீசை ரோமத்தைப் பிடித்தது. பிறகு ஈரமான தலை. கன்றுக்குட்டி அளவு இருந்தது குட்டி. கடுவன் அதை உள்ளங்கையில் வாங்கி, மென்று கூழாக்கிய மூங்கில் குருத்தை உதட்டாலேயே அதன் வாயில் ஊட்டியது. குட்டி முகத்தைச் சுளித்துத் துப்பியது. மறுபடி ஊட்டியது. மறுபடி துப்பியது. கடுவன் முழித்த முழி, தாயில்லாப் பிள்ளைக்குச் சோறூட்டுகிற அப்பன் முழிதான்.

வீரணன் ஈட்டியைத் தாழ்த்தி உட்கார்ந்தான்.

"கடுவன் குட்டியைக் கன்னத்துல வைக்கும்னு நீங்க சொல்லவே இல்லையே ஆசானே."

"வைக்காது மாமா. அந்தச் சாதியில அப்படி ஒரு வழக்கமே இல்லை."

"அப்போ இது?"

"இந்த மழையில கொடுமுடிப் பக்கம் மண்ணு சரிஞ்சுச்சே. அதுக்கப்புறம் மந்தியோட தடத்தை நான் எங்கேயும் பார்க்கலை."

வீரணன் மலை உச்சியைப் பார்த்தான். சரிந்த இடம் செம்மண்ணாகத் தெரிந்தது.

"குரல் விட்டா?"

"பையில காத்து நிரம்பும். உள்ளே இருக்கிறது நசுங்கிரும்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சந்தேகம்தான். பொறுக்கவே தெரியாத ஒரு வல்லவன், கன்னத்துல ஒண்ணை வெச்சுக்கிட்டா எவ்வளவு பொறுப்பான்னு பார்க்கணும்னு இருந்துச்சு."

வீரணன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். "என்னை வெச்சு அதைப் படிச்சீங்களா?"

"அதுக்கு அடுத்த வல்லவன் இந்தச் சீமையில வேற யாரு இருக்கா?"

அவனுக்குக் கோபப்படுவதா, மீசையைத் தடவுவதா என்று தெரியவில்லை.

கீழே இறங்கினார்கள். ஓடைக்கரையில் பறை நின்றது. எல்லார் கண்ணும் ஈட்டி முனையில் இருந்தது. அதில் ரத்தம் இல்லை.

அரும்பாயி வாய் திறப்பதற்குள் வீரணன் சொன்னான், "குரல் சாகலை. மந்தி மண்ணுக்குள்ள போயிருச்சு. கடுவன் கன்னத்துல குட்டி இருக்கு. அதான் ஈட்டியைப் பார்த்துட்டுப் பின்னால போகுது. அதுக்குப் பல்லு முளைக்கிற வரைக்கும் நம்ம மலையில குரல் இருக்காது. எவனாவது ஈட்டி தூக்கிட்டு ஏறினா, என்னைத் தாண்டித்தான் ஏறணும்."

கூட்டத்தில் யாரோ, "அப்போ நடுகல்லு?" என்றார்கள்.

"கல்லு மலையிலேயே இருக்கட்டும்."

சடையாண்டி முன்னால் வந்தான். ஆனால் நேற்றைய துள்ளல் இல்லை. "குட்டி இருந்தா என்ன? அது உன்னை அடிச்சுப் போட்டா நீ ஒரு பிடி இருப்பியா? ஒரு ஈட்டியைப் பார்த்து எதுக்கு அது பின்னால போகணும்? பயந்துதானே போச்சு?"

வீரணனுக்கும் அது உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது. அவன் அரும்பாயி பக்கம் திரும்பினான்.

"நெசத்தைச் சொல்லுங்க ஆசானே. அது பயந்துதானே போச்சு?"

"பயந்துதான் போச்சு."

"அத்தனை பெரிய உடம்புக்கா பயம்?"

"சின்ன உடம்புல அந்தப் பயத்துக்கு இடம் பத்தாது மாமா" என்றாள் அரும்பாயி.