மரத்தடியில் வைத்த பழம்

மலைச்சரிவில் இருந்த ஒரு காட்டில் சடையன் என்றொரு கரடி வாழ்ந்தது, பிள்ளைகளே. ஓடைக்கரையில் அதற்கு ஒரு கடை இருந்தது. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தட்டைப் பாறை, அதன்மேல் தேனடைகள், பக்கத்தில் அத்திப்பழக் குவியல், அவ்வளவுதான். இலுப்பைப் பூ கொண்டு வந்தவர்களுக்குச் சடையன் தேன் கொடுக்கும். கிழங்கு தோண்டி வந்தவர்களுக்குப் பழம் கொடுக்கும். காட்டில் எல்லோரும் அதை "அண்ணாச்சி" என்றே அழைத்தார்கள்.

சடையன் நல்ல கரடிதான். அளவில் ஏமாற்றாது. அழுகிய பழத்தை அடியில் மறைத்து வைக்காது. ஆனால் அதற்குப் பேசத்தான் பிடிக்கும், கேட்கப் பிடிக்காது. வந்தவர் வாயைத் திறப்பதற்குள் அது ஒரு கதையே சொல்லி முடித்துவிடும்.

நெடுஞ்சிறகன் என்ற இருவாச்சிப் பறவை அந்தக் கடைக்கு அடிக்கடி வரும். எந்தப் பாறை உச்சியில் புதிய தேனடை தொங்குகிறது என்று அது சொல்லும். அந்தத் தகவலுக்குச் சடையன் அத்திப்பழம் கொடுக்கும்.

"அண்ணாச்சி, இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்" என்றது நெடுஞ்சிறகன் ஒருநாள். "வீட்டில் இப்போது..."

"எடுத்துக்கொள், எடுத்துக்கொள்! அலகு கொள்ளும் மட்டும் எடுத்துக்கொள்!" என்றது சடையன். "நீ போன முறை சொன்னாயே ஒரு தேனடை, அடடா, என்ன ருசி! அதை நான் எப்படி எடுத்தேன் தெரியுமா?"

எப்படி எடுத்தது என்று சடையன் விரிவாகச் சொன்னது. பறவை பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பழங்களோடு பறந்துபோனது. அதன் வீட்டில் என்ன விசேஷம் என்பது கரடியின் காதில் விழவே இல்லை.

அந்தக் கோடையில் காடு தீப்பிடித்தது.

காய்ந்த மூங்கிலில் பற்றிய நெருப்பு, காற்றோடு சேர்ந்து சரிவு முழுவதும் ஏறியது. பலா மரங்கள் எரிந்தன. நாவல் மரங்கள் எரிந்தன. புற்கள் இருந்த இடமெல்லாம் கரியானது. நெருப்பு தணிந்தபோது, ஓடைக்கரையில் சடையனின் அத்தித்தோப்பும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மரங்களும்தான் மிஞ்சி நின்றன.

சடையன் தோப்பை விட்டு வெளியே வந்து பார்த்தது. தாயைத் தேடி ஒரு மான்கன்று சாம்பலில் நடந்து கொண்டிருந்தது. முள்ளம்பன்றி வெந்த பாதங்களை நக்கிக்கொண்டு கிடந்தது. கரடிக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"கடையை மூடிவிட்டேன்!" என்று அது ஓங்கிய குரலில் அறிவித்தது. "இனி என்னிடம் எதற்கும் எதுவும் தர வேண்டாம். பசித்தவர்கள் எல்லோரும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்!"

இதைக் கேட்டு முதலில் ஓடி வந்தது மினுக்கன் என்ற நரி. யாரைப் புகழ்ந்தால் வயிறு நிறையும் என்று மினுக்கனுக்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணாச்சி, உங்களைப் போல ஒரு மனசு யாருக்கு வரும்!" என்றது நரி. "ஆனால் நீங்கள் வீடு வீடாக அலையக் கூடாது. எல்லோரும் இந்தத் தோப்போரத்து ஆலமரத்தடிக்கு வரட்டும். வரிசையில் நிற்கட்டும். உங்கள் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும். யார் கொடுத்தார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?"

சடையனுக்கு அது சரியாகத்தான் பட்டது. மினுக்கனே வரிசையை ஒழுங்குபடுத்தியது. அந்த வேலைக்காக முதல் பங்கைத் தானே எடுத்துக்கொண்டது.

விலங்குகள் வந்தன. கரடி கை நிறைய அள்ளிக் கொடுத்தது. ஒவ்வொருவரிடமும் தீயின் கதையைச் சொன்னது, தன் தோப்பு பிழைத்த கதையைச் சொன்னது. முயலின் கையில் ஒரு தேனடையை வைத்தது. முயல் தேன் தின்னாது. ஆனாலும் நரி முறைத்த முறைப்பில், "நன்றி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனது. ஒட்டிய கைகளைத் துடைக்க வழியில்லாமல் சாம்பலில் தேய்த்துக்கொண்டது. முள்ளம்பன்றி வெந்த கால்களால் ஊர்ந்து ஊர்ந்து வந்து, வரிசையின் கடைசியில் சுருண்டு படுத்தது.

இதையெல்லாம் கவனித்தது பொட்டு என்ற சருகுமான் மட்டும்தான். பொட்டு மிகவும் பயந்த சுபாவம் உள்ளது. இலை விழுந்தாலும் நடுங்கும். அது தன் பங்கை வாங்கியபோது தயங்கித் தயங்கிச் சொன்னது.

"அண்ணாச்சி, பாறைமேட்டு மரத்தில் ஓர் இருவாச்சி இருக்கிறாள். கொன்றை என்று பெயர். அவள் இங்கே வரவில்லை."

"ஏன், அவளுக்கு வழி தெரியாதா? இறக்கை இருக்கிறதே, ஒரு வீச்சில் வந்துவிடலாமே!"

"இல்லை, அவளால்..."

"வரிசையை மறிக்காதே!" என்று நரி அதட்டியது. பொட்டு தன் பங்கை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டது.

சடையனோ பெருந்தன்மையோடு சிரித்தது. "பரவாயில்லை. அவள் வராவிட்டால் என்ன, நானே போகிறேன்!"

தேக்கிலையில் பழங்களைக் கட்டிக்கொண்டு கரடி பாறைமேட்டுக்கு ஏறியது. பின்னாலேயே நரியும் போனது. நெருப்பு தொடாத ஒரு பெரிய மருதமரம் அங்கே தனியாக நின்றது. அதன் உச்சிக்கருகே ஒரு பொந்து. பொந்தின் வாய் மண்ணால் பூசி அடைக்கப்பட்டிருந்தது. நடுவில் ஒரு சின்ன இடுக்கு மட்டும் தெரிந்தது.

"கொன்றை! நான்தான் சடையன் வந்திருக்கிறேன். பழம் கொண்டு வந்திருக்கிறேன். இறங்கி வந்து எடுத்துக்கொள்!"

மேலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது. "அண்ணாச்சி... மேலே... மேலே கொண்டு வாருங்கள்..."

"கேட்டீர்களா?" என்றது மினுக்கன். "இவ்வளவு தூரம் நீங்கள் ஏறி வந்தது போதாதாம். மகாராணிக்கு வாயில் கொண்டு போய் ஊட்ட வேண்டுமாம்!"

சடையனின் முகம் சுருங்கிவிட்டது. வெயிலில் ஏறி வந்த களைப்பு வேறு. இத்தனை பேர் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போக, இவளுக்கு மட்டும் என்ன இத்தனை வீம்பு என்று நினைத்தது. தேன் எடுக்க இதைவிட உயரமான மரங்களில் எல்லாம் ஏறிய கரடிதான் அது. ஏறியிருந்தால் ஒரு நொடியில் எல்லாம் தெரிந்திருக்கும். 'ஏன் வர முடியவில்லை?' என்று கீழே நின்றே ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும்.

அது கேட்கவில்லை.

"பசித்தால் தானே இறங்கி வருவாள்" என்று சொல்லிப் பழங்களை மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பியது. மேலிருந்து அந்தக் குரல் இன்னும் ஏதோ சொல்லிக் கொண்டிருந்தது. கரடி நடக்க நடக்க, நரி பேசப் பேச, அந்தக் குரல் காதில் விழாமலே போனது.

மறுநாள் சடையன் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தது. தேக்கிலை வைத்த இடத்திலேயே இருந்தது. பழங்களில் எறும்பு மொய்த்திருந்தது.

"நான் கொடுத்ததை எறும்புக்குப் போட்டுவிட்டாள்" என்று கரடி மனம் நொந்தது. அதன் பிறகு அது பாறைமேட்டுக்குப் போகவில்லை.

சில நாட்கள் போயின. சடையனுக்கு ஒரு பாராட்டு விழா நடத்த வேண்டும் என்றது மினுக்கன். ஆலமரத்தடியில் எல்லோரையும் கூட்டியது. காட்டுக்கொடியில் மாலை கட்டியது. யானைகள்கூட வந்து நின்றன.

"சடையன் அண்ணாச்சியின் தயவால் இந்தக் காட்டில் பசி என்று சொல்ல ஓர் உயிர்கூட இல்லை!" என்று நரி முழங்கியது.

மாலைக்காகக் கரடி தலையைத் தாழ்த்தியது. அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"பொய்!"

எல்லோரும் திரும்பினார்கள். பொட்டு நின்று கொண்டிருந்தது. அதன் நான்கு கால்களும் நடுங்கின.

"பாறைமேட்டு மரத்தடியில்தான் என் வளை இருக்கிறது" என்றது சருகுமான். "நேற்று வரை மேலே இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று கொன்றை, இன்னொன்று அவள் குஞ்சு. இன்று காலையிலிருந்து ஒரு குரல்தான் கேட்கிறது."

சடையன் மெல்லத் தலையை நிமிர்த்தியது. "குஞ்சா? அவளுக்குக் குஞ்சு இருந்ததா? பிறகு ஏன் இறங்கி வந்து பழத்தை எடுக்கவில்லை?"

"எப்படி வருவாள் அண்ணாச்சி? முட்டையிட்டதும் இருவாச்சித் தாய் பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை அடைத்துக்கொள்வாள். பறக்கும் சிறகுகளை எல்லாம் உதிர்த்துவிடுவாள். குஞ்சு ஓரளவு வளரும் வரை அவளால் பறக்க முடியாது. ஆண் பறவைதான் அந்த இடுக்கு வழியாக இரண்டு பேருக்கும் இரை கொடுக்க வேண்டும்."

"ஆண் பறவை எங்கே போனது?"

"அது நெடுஞ்சிறகன், அண்ணாச்சி. தீப்பிடித்த அன்று உங்கள் கடையில் வாங்கிய பழத்தோடு புகைக்குள் பறந்து போனதை நான் பார்த்தேன். வெளியே வந்ததைப் பார்க்கவில்லை."

"இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"சொல்லத்தான் வந்தேன். பயத்தில் நாக்கு எழவில்லை. என் தப்புதான்" என்று பொட்டு அழுதது. "ஆனால் நீங்களும் கேட்கவில்லையே!"

மாலை கழுத்தில் விழுவதற்குள் சடையன் ஓடத் தொடங்கிவிட்டது. போகிற வழியில் தோப்பில் புகுந்து கைக்கு அகப்பட்ட பழங்களை வாயில் கவ்விக்கொண்டது. மருதமரத்தில் நகங்கள் பதியப் பதிய ஏறியது. பொந்தருகே வந்ததும் ஒரு பழத்தை இடுக்கில் நீட்டியது.

ஓர் அலகு மெதுவாக வந்து அதை வாங்கியது. கொன்றை அதைத் தின்னவில்லை. உள்ளே குஞ்சின் பக்கம் திரும்பினாள். பழம் எங்கோ மெத்தென்று விழும் சத்தம் கேட்டது. மறுபடியும் எடுத்து நீட்டியிருக்க வேண்டும். மறுபடியும் விழுந்தது.

"வாயைத் திறக்கமாட்டேன் என்கிறது அண்ணாச்சி" என்றது உள்ளிருந்து வந்த குரல். "காலையிலிருந்து திறக்கவில்லை."

இந்த இருட்டிலிருந்து அவளை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும் என்று சடையனின் கை பரபரத்தது. மண்சுவரை உடைக்க நகத்தை ஓங்கியது. ஓங்கிய கை அப்படியே நின்றது.

"கொன்றை, இந்தச் சுவரை உடைக்கட்டுமா?" என்று கேட்டது.

"வேண்டாம்! வாசல் திறந்திருந்தால் மரநாய் வந்துவிடும். எனக்குச் சிறகு இல்லை."

கரடி கையை இறக்கிக்கொண்டது. தான் கேட்காமல் உடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தது.

"வேறு நான் என்ன செய்ய வேண்டும்? நீயே சொல்."

கரடி முதன்முறையாகப் பதிலுக்குக் காத்திருந்தது.

"ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் இங்கேயே இருங்கள்" என்றது கொன்றை. "புகை வந்த நாளிலிருந்து என் வாசலில் யாருமே இல்லை."

சடையன் கிளையை இறுகப் பற்றிக்கொண்டு அங்கேயே இருந்தது. வெயில் சாய்ந்தது. உள்ளே கொன்றை அழுவது கேட்டது. 'அழாதே' என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொல்லாமல் இருந்தது.

மறுநாளிலிருந்து ஆலமரத்தடியில் வரிசை நிற்கவில்லை. சடையன் வளை வளையாகப் போனது. முயலிடம் கேட்டு, ஓடையோரம் இன்னும் பச்சை மிச்சமிருந்த இடத்தைக் காட்டியது. முள்ளம்பன்றிக்குப் பழத்தைவிடத் தண்ணீர்தான் தேவைப்பட்டது. வெந்த பாதங்களோடு அதனால் ஓடைவரை நடக்க முடியவில்லை. கரடி ஈரப்பாசியை அள்ளிக்கொண்டு போய் அதன் காலடியில் பரப்பியது. புகழ்வதற்குக் கூட்டமும் இல்லை, எடுத்துக்கொள்ள முதல் பங்கும் இல்லை என்று கண்ட மினுக்கன் வேறு காடு தேடிப் போய்விட்டது.

தினமும் சடையன் மருதமரத்தில் ஏறியது. கொன்றை சில நாள் தின்றாள், சில நாள் தின்னவில்லை. சிறகுகள் மெல்ல முளைத்தன. ஒருநாள் அவளே அலகால் சுவரைக் கொத்தி உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கிளையில் உட்கார்ந்து வெளிச்சத்தில் கண்களைக் கொட்டினாள். உடம்பு பாதியாக இளைத்திருந்தது.

"கொன்றை, என்னை மன்னிப்பாயா?" என்று சடையன் கேட்டது.

அவள் கரடியை நேராகப் பார்த்தாள். "தெரியவில்லை அண்ணாச்சி. நீங்கள் ஏறி வந்ததால் நான் பிழைத்தேன். முதல் நாளே ஏறி வந்திருந்தால் என் குஞ்சும் பிழைத்திருக்கும். இரண்டும் உண்மைதானே?"

கொன்றை சிறகை விரித்தாள். கரிந்த சரிவின்மேல் தாழ்வாக ஒரு சுற்று சுற்றினாள், எதையோ தேடுவது போல. பிறகு மலையைத் தாண்டிப் பறந்து போனாள். அதன்பின் அவளை அந்தக் காட்டில் யாரும் பார்க்கவில்லை.

சடையன் மரத்திலிருந்து மெதுவாக இறங்கியது. போய்க் கேட்க வேண்டிய வளைகள் அன்றைக்கு இன்னும் மிச்சமிருந்தன.

நீதி: பிறர் துன்பத்தைக் கேட்டு அறியாமல் செய்யும் உதவி, கொடுப்பவர் மனத்தை நிறைக்குமே தவிர, வாடுபவர் உயிரைக் காக்காது.