சூடம் எரிகையில் தூக்கிய கை

மணிவாய்க்கோட்டை அரசர் உத்தமராயருக்குச் சபை நீண்டால் பசி வந்துவிடும். அதைத் தெரிந்துகொண்ட அமைச்சர் கோனப்பர் ஒரு சுருக்குவழி கண்டுபிடித்தார். அவசரச் சட்டமென்றால் அரசர் முன்னால் ஒரு சூடத்தை ஏற்ற வேண்டியது. சட்டத்தைக் கொண்டுவருபவர் மட்டும் பேசலாம்; மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. சூடம் அணைவதற்குள் பாதிப்பேருக்குமேல் கை தூக்கிவிட்டால் அது சட்டம்.

வலப்பக்கம் முழுக்கக் கோனப்பரின் ஆட்கள். அவர் கை எழுந்தால் அத்தனை கையும் எழும். சட்டம் என்னவென்று கேட்கிற கெட்ட பழக்கம் அவர்களுக்கு இல்லை. இடப்பக்கம் இருந்தது சிற்றம்பலமும் இன்னும் இரண்டு பேரும்தான்.

சிற்றம்பலத்தின் ஊர் கடைமடையில். வாய்க்கால் தண்ணீரையெல்லாம் தலைமடையில் கோனப்பரின் கரும்பு குடித்துவிட, அங்கே நெல் கருகிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் ஊருக்கு அந்த வருஷம் சோறில்லை. 

"அரசே, ஓர் அவசரச் சட்டம்" என்று சபையில் எழுந்தார் சிற்றம்பலம்.

கோனப்பர் சிரித்தார். "மூன்று கையை வைத்துக்கொண்டா? கொண்டுவாரும் ஓய். ஒரு சூடம் வீணாகிறது, அவ்வளவுதானே."

சூடம் ஏற்றினார்கள். வலப்பக்கத்தில் ஒருவர் வெற்றிலை மடித்தார். இன்னொருவர் கண்ணயர்ந்தார்.

"இனி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் முதல் முறை கடைமடைக்கு. கடைசி முறை..." சிற்றம்பலம் நிதானமாகத் திரும்பிக் கோனப்பரைப் பார்த்தார். "அமைச்சரின் கரும்புக்கு."

கோனப்பருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கத்தவும் முடியாது, சூடம் எரிகிறது. நிறுத்தும்படி சைகை காட்டக் கையை உயர்த்தினார்.

வலப்பக்கம் முழுக்கக் கை எழுந்தது. தூங்கியவரைப் பக்கத்திலிருந்தவர் இடித்து எழுப்பித் தூக்கவைத்தார். பதறிப்போய்க் கோனப்பர் கையை ஆட்ட, எல்லாரும் ஆட்டினார்கள். சூடம் அணைந்தது.

"அரசே, நான் தடுக்கத்தான் கை தூக்கினேன்."

"அப்படியானால் அமைச்சரின் கையைக் கழித்துவிடலாம்" என்றார் சிற்றம்பலம். "மிச்சமே போதும்."

"இவர்கள் என்ன ஏதென்று கேட்காமல் தூக்கினார்கள், அரசே."

"கேட்காமல் தூக்கிய கை செல்லாதென்றால் எனக்கும் சம்மதம். ஆனால், அமைச்சர் இதுவரை கொண்டுவந்த அத்தனை சட்டத்தையும் சேர்த்தே தள்ளிவிடவேண்டும்."

கோனப்பர் உட்கார்ந்துவிட்டார். அரசர் பசியை மறந்து சிரித்தார். "கடைமடைக்குத் தண்ணீர் விடுங்கள். சிற்றம்பலத்துக்கு ஒரு தட்டு நிறையச் சூடம் கொடுங்கள்."

அதற்கப்புறம் சபையில் மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தாலும் கோனப்பர் கையை எடுப்பதில்லை.