பத்தாவது கால்

"இந்தச் சிப்புல எண்ணுத கால் பத்து இருக்கு டீச்சர். ஒம்பதுக்குத்தான் விளக்கு போடச் சொல்லுதிய. பத்தாவதை மட்டும் ஏன் இருட்டா விடணும்?" என்று கேட்டார் கஸ்பார்.

ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் பனிமயம் டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். விளக்குகளை வரிசையாக எரியவைக்கும் கவுண்டர் சிப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"அது அடுத்த சிப்பை எழுப்பிவிடுத கால், அண்ணாச்சி. அந்தச் சிப்பு எண்ணி முடிக்குத வரைக்கும் இது கையைத் தூக்கிக்கிட்டே நிக்கும்."

"சும்மாதான நிக்கி? ஒரு விளக்கைப் பிடிச்சிக்கிட்டு நிக்கட்டும்."

"வேண்டாம்."

டீச்சர் சிரித்தார். கஸ்பாருக்குச் சிரிப்பு வரவில்லை.

கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு என்னும் அலைத்தடுப்புக் கற்கள்மேல் அந்த விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து ஓடும். வெளிச்சம் ஓடுகிற பக்கம்தான் துறைமுக வாய். படகுகள் அதன் கூடவே வரவேண்டும். வழியில், பத்தாவது இடத்தில், ஒரு பாறை.

கஸ்பாரின் தம்பியின் உயிர் அங்கேதான் போனது. இன்று மகன் டெரன்ஸ் முதன்முறையாகத் தனியே படகு ஓட்டி வருகிறான்.

டீச்சர் டீ குடிக்கப் போனதும், கஸ்பார் பத்தாவது காலிலிருந்து வயரை இழுத்துப் பாறைமேல் ஒரு விளக்கைக் கட்டிவிட்டார்.

பொழுது சாய்ந்தது. சுவிட்சைப் போட்டார்கள்.

ஒன்பது வரை ஒழுங்காக ஓடியது. பத்தாவது எரிந்தது. அடுத்த சிப்பின் விளக்குகளில் வெளிச்சம் வாயை நோக்கிப் போய்க்கொண்டே இருக்க, பத்தாவது மட்டும் அணையாமல் நின்றது. அடுத்த சுற்றிலும் அப்படியே.

தூரத்தில் டெரன்ஸின் படகு திரும்பியது. நின்று எரியும் விளக்கை நோக்கி.

கஸ்பார் கத்தினார்.

"டீச்சர்! பாறைக்கு வாரான்!"

"அங்க என்ன விளக்கு? வெட்டுங்க!"

"வெட்டினா பாறை இருட்டாயிருமே!"

"வெட்டுங்க அண்ணாச்சி! நின்னு எரியுத விளக்கைத்தான் அவன் வாய்ன்னு நெனைக்கான்!"

கல்மேல் கல்லாகத் தாவி ஓடினார். டீச்சரும் பின்னால் ஓடினார். கட்டிங் பிளேயர் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை வயர் அறுந்தது.

பாறை இருட்டானது. ஓடும் விளக்குகள் மட்டும் எரிந்தன.

இன்ஜின் சத்தம் தாழ்ந்தது. குறிவைத்து வந்த விளக்கு மறைந்ததால், படகு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அலையில் ஆடியது.

கஸ்பார் மடியிலிருந்த டார்ச்சை உருவித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து எரியவிட்டார்.

"மக்களே! இங்க பாருல! அப்பன் நிக்கேன்!"

படகின் முகப்பு மெல்ல அவர் பக்கம் திரும்பியது.

டீச்சர் பின்னாலிருந்து கேட்டார்.

"அண்ணாச்சி, நீங்க எதுமேல நிக்கிய?"

கஸ்பார் குனிந்து பார்த்தார். கால் இரண்டும் பாறைமேல் இருந்தன.

டார்ச்சை அணைத்தார்.

இருட்டில் இன்ஜின் சத்தம் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் கேட்டது. பிறகு விலகி, ஓடும் விளக்குகளோடு சேர்ந்து போகத் தொடங்கியது.