ஒரு சாண் பொய்

அந்தக் காலத்தில் தண்ணீருக்குப் பொய் சொல்லத் தெரியாது. மீன் எங்கே தெரிந்ததோ அங்கேதான் இருந்தது. கொக்கு கரையில் நடந்துகொண்டே கழுத்தை நீட்டும், எடுக்கும், விழுங்கும். காத்திருப்பது என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.

அந்தக் குளத்தில் ஒரு விரால் குஞ்சு பொரித்திருந்தது. விரால் குஞ்சுகள் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். சிவப்புத் துணி மிதப்பதுபோல் கூட்டமாக வரும். மூன்றே நாளில் பாதிக் கூட்டம் போய்விட்டது.

"அக்கா, பிள்ளைகளை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்பேன். எட்டி எட்டிக் கழுத்து வலிக்கிறது" என்றது கொக்கு.

விரால் அடியில் போய்த் தண்ணீரிடம் கெஞ்சியது. "நீ கொஞ்சம் கலங்கிக்கொள்ளேன்."

"கலங்கினால் பிள்ளைகள் உனக்கும் தெரியாதே."

"பிறகு உன்னால் என்னதான் ஆகும்?"

தண்ணீர் யோசித்தது. "இருப்பதை இல்லை என்று சொல்ல எனக்கு வராது. இருக்கும் இடத்தை ஒரு சாண் மாற்றிச் சொல்லலாம். அதுவும் சாய்வாகப் பார்க்கிறவர்களிடம்தான். நேர் மேலேயிருந்து பார்த்தால் முடியாது. இன்னொன்று. வெளியே இருப்பதும் உனக்கு இடம் மாறித்தான் தெரியும்."

"தெரியட்டும்" என்றது விரால்.

மறுநாள் கொக்கு குத்தியது. அலகு நிறையச் சேறு. மறுபடி குத்தியது. மறுபடியும் சேறு.

"என்ன கொக்காரே, இன்றைக்குச் சேறுதான் சாப்பாடா?"

"கண்ணில் ஏதோ கோளாறு அக்கா."

விராலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கண்ணுக்கு ஒன்றுமில்லை. கரையில் நின்றுகொண்டு என் வீட்டைப் பார்த்தால் இப்படித்தான்."

கொக்கு அன்று பட்டினி. அடுத்த நாளும் பட்டினி. மூன்றாம் நாள், முதன்முறையாக, அது தண்ணீருக்குள் காலை வைத்தது. முழங்கால் ஆழத்தில் போய் நின்றது. அசையவில்லை.

குஞ்சுகள் மூச்சுக்குத் தவித்தன. விரால் கீழிருந்து பார்த்தது. கொக்கு எங்கோ உயரத்தில், எட்டாத இடத்தில் தெரிந்தது.

"தூரத்தில்தான் நிற்கிறான். போங்கள்" என்றது.

குஞ்சுகள் மேலே போயின. வழியில் இரண்டு குச்சிகள் நட்டிருந்தன. அவற்றுக்கு நடுவே போயின. கொக்கு தலையைத் தாழ்த்தி, நேர் கீழே பார்த்தது.

கொக்கு தண்ணீரில் அசையாமல் நிற்பது அன்று தொடங்கியதுதான். விரால் தன் குஞ்சுகளை விட்டு விலகாமல், அவற்றுக்கு அடியிலேயே சுற்றிக்கொண்டிருப்பதும் அன்றிலிருந்துதான். எதையும் தூரம் என்று அது பிறகு சொன்னதில்லை.